மூன்று கணினிகளில் ஒரே புக்மார்க்குகள்: அழித்தவை மறுநாள் காலையில் திரும்பி வருவது ஏன்?

கொட்டகலை ஆசிரியை | ஞாயிறு, இரவு 8.40

அனைவருக்கும் வணக்கம். நான் ஹட்டன் பக்கத்தில் ஒரு தோட்டப் பாடசாலையில் விஞ்ஞானம் கற்பிக்கிறேன். கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் பாடநூல்கள், தேசிய கல்வி நிறுவகத்தின் ஆசிரியர் வழிகாட்டிகள், பரீட்சைத் திணைக்களத்தின் பழைய வினாத்தாள்கள், ஈ-தக்சலாவ பாடங்கள், நூலகம் தளத்தில் உள்ள பழைய சஞ்சிகைகள் என்று எட்டு ஆண்டுகளாகச் சேர்த்து வைத்த புக்மார்க்குகள் ஏறத்தாழ ஆயிரத்து நூறு என்னிடம் இருக்கின்றன. அவற்றைத் தரம் வாரியாகவும் அலகு வாரியாகவும் கோப்புறைகளில் பிரித்து வைத்திருக்கிறேன்.

வீட்டு மடிக்கணினி, பாடசாலை ஆய்வுகூடத்துக் கணினி, தம்பியின் கொமியூனிகேஷன் கடையில் உள்ள கணினி ஆகிய மூன்றிலும் நான் குரோம் உலாவியையே பயன்படுத்துகிறேன். முதலில் மடிக்கணினியிலிருந்து புக்மார்க்குகளை எச்டிஎம்எல் கோப்பாக ஏற்றுமதி செய்து, பென்டிரைவில் கொண்டுபோய் மற்ற இரண்டிலும் இறக்குமதி செய்தேன். சில மாதங்களின் பின்னர் ஒரு சக ஆசிரியர் சொன்னபடி மூன்றிலும் ஒரே கூகுள் கணக்கில் நுழைந்து ஒத்திசைவை (ஒரு கணினியில் செய்யும் மாற்றத்தை மற்றவற்றுக்கும் தானாகக் கொண்டுசெல்லும் வசதியை) இயக்கினேன். தொல்லை அன்றிலிருந்துதான் தொடங்கியது.

கடந்த விடுமுறையில் "தரம் 10 - பழையது" என்ற கோப்புறையை முழுவதுமாக நீக்கினேன். "பரீட்சை" என்ற கோப்புறைக்கு "வினாத்தாள்கள்" என்று பெயர் மாற்றினேன். பாடசாலை தொடங்கிய மறுநாள் மாலை மடிக்கணினியைத் திறந்தபோது நீக்கிய கோப்புறை பழைய இடத்திலேயே இருந்தது. "வினாத்தாள்கள்" என்பதற்கு அருகில் "பரீட்சை" என்பதும் அதே உள்ளடக்கத்தோடு வந்து நின்றது. மறுபடி நீக்கினேன், மறுபடி வந்தது. நான்கு வாரங்களாக இரவில் நீக்குவதும் மறுநாள் அவை உயிர்த்தெழுவதுமாகவே பொழுது போகிறது. யாராவது என் கணக்கில் புகுந்து விளையாடுகிறார்களோ என்று பயந்து கடவுச்சொல்லையும் மாற்றிப் பார்த்தேன், பயனில்லை.

பதுளைப் பழுதுபார்ப்பவன் | ஞாயிறு, இரவு 9.15

கணக்கில் யாரும் புகுந்ததாகத் தெரியவில்லை டீச்சர். புகுந்தவர்கள் அழித்ததைத் திருப்பி வைத்துவிட்டுப் போகமாட்டார்கள். இரண்டு கேள்விகளுக்கு மட்டும் விடை சொல்லுங்கள். பாடசாலைக் கணினியில் ஒவ்வொரு நாளும் புதிதாகக் கணக்கில் நுழைகிறீர்களா, அல்லது ஒருமுறை நுழைந்தது அப்படியே இருக்கிறதா? வார இறுதியில் நீக்கியவை ஞாயிறு முழுவதும் நீங்கியபடியே இருக்கின்றனவா?

பழைய ஏடு | ஞாயிறு, இரவு 10.02

தங்கைக்கு என் ஆலோசனை சுருக்கமானது: ஒத்திசைவை மூன்றிலும் நிறுத்திவிட்டு பென்டிரைவுக்கே திரும்புங்கள். 2006-இல் ஃபொக்ஸ்மார்க்ஸ் என்ற பெயரில் தொடங்கி, பின்னர் எக்ஸ்மார்க்ஸ் என்று பெயர் மாறிய சேவையை நான் பல ஆண்டுகள் நம்பியிருந்தேன். அது வெவ்வேறு நிறுவனங்களின் உலாவிகளுக்கு இடையிலும் புக்மார்க்குகளைக் கொண்டுசென்றது. அந்தக் காலத்தில் அது பெரிய காரியம். 2018 மே மாதம் முதலாம் திகதி அதை மூடிவிட்டார்கள். 2003-இல் தொடங்கிய டெலிசியஸ் என்ற இணையவழி புக்மார்க் சேவை கைமாறிக் கைமாறி, 2017-இல் புதிதாக எதையும் சேர்க்க முடியாத காட்சிப் பொருளானது. படிப்பதற்கென்று பக்கங்களைச் சேர்த்து வைத்த பொக்கெட் 2025 ஜூலையில் நின்றுபோனது. இவ்வளவு நடந்த பிறகும், நெட்ஸ்கேப் உலாவியின் காலத்தில் வகுத்த அந்த எச்டிஎம்எல் வடிவத்தை இன்றைய குரோம், பயர்பொக்ஸ், எட்ஜ் எல்லாமே வாசிக்கின்றன. கோப்பைத் திறந்து பாருங்கள், முதல் வரியிலேயே நெட்ஸ்கேப்பின் பெயர் இருக்கும். நிறுவனம் போய்விட்டது, அதன் கோப்பு வடிவம் இருக்கிறது.

பதுளைப் பழுதுபார்ப்பவன் | ஞாயிறு, இரவு 10.20

அண்ணன் சொல்லும் வரலாறு சரியானது. ஆனால் பென்டிரைவு இந்த நோய்க்கு மருந்தாகாது. எச்டிஎம்எல் கோப்பை இறக்குமதி செய்யும்போது உலாவி இருப்பதோடு ஒப்பிட்டுப் பார்ப்பதில்லை, இருப்பதன்மேல் சேர்க்கிறது. வாரம் ஒருமுறை இறக்குமதி செய்தால் மாத முடிவில் ஒவ்வொரு இணைப்பும் நான்கு ஐந்து பிரதிகளாக நிற்கும். அந்தக் கோப்பு காப்புநகலுக்கு மிகச் சிறந்தது, ஆனால் ஒத்திசைவின் வேலையை அதனால் செய்ய முடியாது.

கொட்டகலை ஆசிரியை | திங்கள், மாலை 5.30

பதில் எழுதிய இருவருக்கும் நன்றி. பாடசாலைக் கணினி விண்டோஸ் 7 கொண்ட பழைய இயந்திரம். அதில் ஒவ்வொரு நாள் காலையும் கணக்கில் நுழைந்து ஒத்திசைவை இயக்குகிறேன். முதல் நாள் நுழைந்தது மறுநாள் அங்கே இருப்பதில்லை. இதை நான் பாதுகாப்புக்கான ஏற்பாடு என்றே எண்ணியிருந்தேன். மேசைத்திரையில் எதையும் சேமிக்க வேண்டாம், கணினியை அணைத்து இயக்கினால் போய்விடும் என்று ஆய்வுகூடப் பொறுப்பாசிரியரும் சொல்லியிருக்கிறார். இரண்டாவது கேள்விக்கு விடை: ஆம், சனி ஞாயிறில் நீக்கியவை திங்கள் காலை வரை திரும்பி வருவதில்லை. நீங்கள் கேட்டதற்குப் பிறகுதான் அதை நான் கவனித்தேன்.

பதுளைப் பழுதுபார்ப்பவன் | திங்கள், இரவு 8.10

அப்படியானால் காரணம் அகப்பட்டுவிட்டது. உலாவி தன் வேலையைச் சரியாகவே செய்கிறது. அதற்குக் கொடுக்கப்படும் நிலைமைதான் தவறானது.

பாடசாலை ஆய்வுகூடங்களில் பிள்ளைகள் எதையாவது மாற்றிக் கெடுத்துவிடக்கூடாது என்பதற்காக, வன்தட்டை ஒரு குறிப்பிட்ட நாளின் நிலையில் உறையவைக்கும் மென்பொருளை நிறுவுவார்கள். பகலில் எதைச் செய்தாலும் கணினி மறுபடி இயங்கும்போது அந்த நாளின் நிலைக்கே அது திரும்பிவிடும். உங்கள் கணினியை உறையவைத்தது, நீங்கள் பென்டிரைவிலிருந்து இறக்குமதி செய்த பின்னரும் ஒத்திசைவை இயக்குவதற்கு முன்னரும் என்று நினைக்கிறேன். ஆகவே ஒவ்வொரு நாள் காலையும் அந்தக் கணினி, பழைய புக்மார்க்குகள் முழுவதையும் வைத்துக்கொண்டு, ஒத்திசைவு என்றால் என்னவென்றே அறியாத புத்தம் புதிய கணினியாக விழித்தெழுகிறது.

இப்போது நீங்கள் கணக்கில் நுழைகிறீர்கள். முதன்முறையாக ஒத்திசைவில் சேரும் கணினியில் உள்ளவற்றை உலாவி வீசிவிடுவதில்லை, சேவையகத்தில் (உங்கள் கணக்கின் பொதுப் பிரதி இருக்கும் கூகுளின் கணினியில்) உள்ளவற்றோடு கலக்கிறது. ஒரே கோப்புறையில், ஒரே தலைப்பும் ஒரே முகவரியும் இருந்தால் இரண்டையும் ஒன்றாகக் கருதும். இணை இல்லாதவற்றை, நீங்கள் புதிதாகச் சேர்த்தவை என்று எடுத்துக்கொண்டு சேவையகத்துக்கு ஏற்றிவிடும். முந்திய நாள் இரவு மடிக்கணினியில் நீங்கள் எதையோ நீக்கினீர்கள் என்பது அந்தக் கணினிக்குத் தெரியவே வழியில்லை. "தரம் 10 - பழையது" சேவையகத்தில் இல்லை, பாடசாலையில் இருக்கிறது. எனவே அது ஏற்றப்படுகிறது. "பரீட்சை" என்ற பெயர் சேவையகத்தில் இல்லை. எனவே அந்தக் கோப்புறை உள்ளே இருக்கும் அத்தனை இணைப்புகளோடும் ஏற்றப்படுகிறது. நீங்கள் தொடாத கோப்புறைகளில் இரட்டிப்பு எதுவும் இல்லை என்பதைப் பார்த்தால் இது விளங்கும். கடவுச்சொல்லை மாற்றியதால் ஒன்றும் நிகழாததற்கும் இதுவே காரணம். உங்கள் கணக்கில் புகுந்தவர் நீங்களேதான்.

உறையவைத்த கணினியில் உலாவியின் புதுப்பிப்புகளும் தங்காது. அதுவன்றி விண்டோஸ் 7-இல் குரோம் 109-ஆம் பதிப்போடு நின்றுவிட்டது. 2023 பெப்ரவரியில் வந்த 110-ஆம் பதிப்பு விண்டோஸ் 10-ஐக் கேட்கிறது. பாதுகாப்புத் திருத்தங்கள் வராத உலாவியில் உங்கள் சொந்த மின்னஞ்சல் கணக்கோடு நுழைவது எனக்கு உவப்பாக இல்லை.

பேராதனை மாணவன் | திங்கள், இரவு 9.05

விளக்கம் மிகத் தெளிவாக இருக்கிறது ஐயா. டீச்சர் இந்த வாய்ப்பில் பயர்பொக்ஸுக்கு மாறலாம் என்பது என் கருத்து. விண்டோஸ் 7-க்கு அதன் நீண்டகால ஆதரவுப் பதிப்பான 115 வரை கிடைக்கிறது. அதன் ஒத்திசைவில், புக்மார்க்குகள் நமது கணினியிலேயே மறையாக்கம் செய்யப்பட்டுத்தான் சேவையகத்துக்குப் போகின்றன. அங்கே இருப்பவர்களாலும் அவற்றை வாசிக்க முடியாது. குரோமில் அதற்கு ஒத்த பாதுகாப்பு வேண்டுமென்றால், ஒத்திசைவுக்கென்று தனியான கடவுத்தொடரை நாமே அமைக்க வேண்டும்.

நிறுவனங்களை நம்பக்கூடாது என்பவர்களுக்கு ஃப்ளொக்கஸ் என்ற திறந்த மூல நீட்சியும் (உலாவியோடு சேர்க்கும் துணை மென்பொருள்) இருக்கிறது. அது நெக்ஸ்ட்கிளவுட் (நாமே நடத்தக்கூடிய கோப்புச் சேமிப்புச் சேவையகம்), வெப்டேவ், கிட் போன்ற நமது சொந்த இடத்தில் புக்மார்க்குகளை வைத்துக்கொண்டு, குரோமுக்கும் பயர்பொக்ஸுக்கும் இடையிலும் ஒத்திசைக்கும். கணக்கே வேண்டாம் என்றால் பிரேவ் உலாவி இருக்கிறது. ஒரு சொற்றொடரைக் கொண்டு கணினிகளைச் சங்கிலியாகப் பிணைக்கிறது.

பழைய ஏடு | திங்கள், இரவு 9.40

தம்பி, நெக்ஸ்ட்கிளவுட் சேவையகத்தை யார் பராமரிப்பது? டீச்சர் வகுப்பெடுப்பதா, சேவையகத்துக்குக் காவல் இருப்பதா?

பயர்பொக்ஸின் மறையாக்கம் நல்லதுதான், ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. என் மறதியால் அதைக் கொடுத்தவன் நான். அங்கே திறவுகோல் நமது கடவுச்சொல்லிலிருந்து உருவாகிறது. கடவுச்சொல்லை மறந்து, மின்னஞ்சல் வழியாகப் புதியது அமைத்தால், சேவையகத்தில் உள்ளதை எவராலும் திறக்க முடியாது. அது அழிக்கப்பட்டு, நம்மிடம் உள்ள கணினியிலிருந்து புதிதாக ஏற்றப்படும். நான் கடவுச்சொல்லை மறந்த வாரத்தில்தான் வன்தட்டும் பழுதாகியது. ஏற்றுவதற்கு எந்தக் கணினியிலும் எதுவும் இருக்கவில்லை. கணக்கு மீட்புத் திறவுகோல் என்று ஒன்றை முன்கூட்டியே உருவாக்கித் தாளில் எழுதி வைத்திருந்தால் தப்பியிருப்பேன். மாறுவதானால் முதல் நாளே அதைச் செய்துவிடுங்கள் தங்கையே.

பேராதனை மாணவன் | திங்கள், இரவு 9.58

ஏற்றுக்கொள்கிறேன் அண்ணா. சேவையகம் தேவையில்லை, ஃப்ளொக்கஸ் கூகுள் டிரைவிலும் வைக்கும் என்று சொல்ல வந்தேன். ஆனால் உறைந்த கணினியில் அந்த நீட்சியையே ஒவ்வொரு நாளும் நிறுவ வேண்டியிருக்கும் என்பதை யோசிக்கவில்லை. எதற்கு மாறினாலும் பாடசாலைக் கணினியின் சிக்கல் அப்படியே இருக்கும்.

பண்டாரவளை எழுதுவினைஞர் | செவ்வாய், காலை 7.20

இந்த இழையோடு தொடர்புடைய ஓர் எச்சரிக்கையைச் சொல்லிவிடுகிறேன். கணக்கு, சேவையகம் எதுவும் வேண்டாம் என்று எண்ணி, பயர்பொக்ஸின் சுயவிவரக் கோப்புறையையே (ஒரு பயனரின் புக்மார்க்குகள், வரலாறு, அமைப்புகள் எல்லாம் இருக்கும் இடம்) மேகச் சேமிப்புக் கோப்புறைக்குள் வைத்து இரண்டு கணினிகளில் திறந்தவன் நான். புக்மார்க்குகளும் வரலாறும் அதில் ஒரே தரவுத்தளக் கோப்பில் இருக்கின்றன. உலாவி திறந்திருக்கும்போது அந்தக் கோப்பும், அதற்குத் துணையான பதிவுக் கோப்பும் இடைவிடாமல் மாறிக்கொண்டே இருக்கும். மேகச் சேமிப்பு ஒன்றின் புதிய நிலையையும் மற்றதன் பழைய நிலையையும் கொண்டுபோனது, தரவுத்தளம் சிதைந்தது. பயர்பொக்ஸ் நாள்தோறும் திகதியிட்டு எடுத்து வைக்கும் பதினைந்து காப்புநகல்களில் ஒன்றுதான் என்னைக் காப்பாற்றியது. குரோமில் அவ்வாறான திகதி வரிசை கிடையாது. ஒரேயொரு முந்திய பிரதி மட்டுமே இருக்கும்; உலாவியை இரண்டு தடவை திறந்து மூடினால் அதுவும் புதுப்பிக்கப்பட்டுவிடக்கூடும்.

மழைக்காலத்தில் எங்கள் பக்கம் மின்சாரம் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. புதிய புக்மார்க்கைச் சேர்த்தவுடன் மின்சாரம் போனால் அது அந்தக் கணினியிலேயே தங்கி, அடுத்த முறை திறக்கும்போதுதான் புறப்படும் என்பதையும் நினைவில் வைத்திருங்கள். உறைந்த கணினியிலோ அதற்கு அடுத்த முறை என்பதே இல்லை.

கொட்டகலை ஆசிரியை | செவ்வாய், மாலை 6.05

பழுதுபார்ப்பவர் ஐயா சொன்னது அப்படியே சரி. பொறுப்பாசிரியரிடம் கேட்டேன், இரண்டாம் தவணையில் ஒருவரை வரவழைத்து எல்லாக் கணினிகளையும் உறையவைத்ததாகச் சொன்னார். நான் பென்டிரைவோடு போனது அதற்கு முந்திய வாரம். இனி எந்த வரிசையில் சரிசெய்வது என்று சொல்லித்தாருங்கள். எதையாவது முன்பின்னாகச் செய்து எல்லாவற்றையும் இழந்துவிடுவேனோ என்று கை நடுங்குகிறது.

பதுளைப் பழுதுபார்ப்பவன் | செவ்வாய், இரவு 8.30

நடுங்க வேண்டாம் டீச்சர். எதையும் தொடுவதற்கு முன்னர் மூன்று கணினிகளிலும் புக்மார்க் மேலாளரைத் திறந்து, தனித்தனி எச்டிஎம்எல் கோப்பாக ஏற்றுமதி செய்து, எந்தக் கணினி, எந்தத் திகதி என்று பெயரிட்டு பென்டிரைவில் வைத்துவிடுங்கள். கோப்பு எதிர்பார்த்ததைவிடப் பெரிதாக இருந்தால் வியப்படைய வேண்டாம். ஒவ்வொரு தளத்தின் சிறு சின்னப்படமும் எழுத்து வடிவில் அதற்குள் பதிந்திருக்கும்.

அதன் பிறகு கடைக் கணினியிலும் பாடசாலைக் கணினியிலும் ஒத்திசைவை நிறுத்துங்கள். பாடசாலைக் கணினியில் இந்த வாரம் கணக்கில் நுழையவே வேண்டாம். மடிக்கணினியை மட்டும் ஆற அமரத் துப்புரவு செய்யுங்கள். தவறுதலாக ஏதேனும் கோப்புறையை நீக்கிவிட்டால், மேலாளரை மூடாமல் அங்கேயே கன்ட்ரோல் விசையோடு இசட் விசையை அழுத்தினால் திரும்பி வரும். துப்புரவு முடிந்ததும் கூகுள் கணக்கின் ஒத்திசைவுப் பக்கத்துக்குச் சென்று, சேவையகத்தில் உள்ள தரவை நீக்கும் பொத்தானை அழுத்துங்கள். அது சேவையகத்தை மட்டும் வெறுமையாக்கும். மடிக்கணினியில் உள்ளவை இருந்த இடத்திலேயே இருக்கும். பிறகு மடிக்கணினியில் மட்டும் ஒத்திசைவை மறுபடி இயக்கினால், துப்புரவான தொகுதி மேலே ஏறும்.

கடைக் கணினியில்தான் பலர் வழுக்கி விழுகிறார்கள். அங்கே பழைய புக்மார்க்குகளை வைத்துக்கொண்டு ஒத்திசைவை இயக்கினால் மறுபடி கலப்புத்தான் நடக்கும். ஒத்திசைவை இயக்கிய பின் அழித்தால், அந்த அழிப்பு மடிக்கணினிக்கும் போய் அங்குள்ளதையும் துடைத்துவிடும். எனவே அழிப்பதையே தவிர்த்து, குரோமில் புதிய சுயவிவரம் ஒன்றை உருவாக்குங்கள். அது வெறுமையாகப் பிறக்கும். அதில் கணக்கில் நுழைந்தால் சேவையகத்தில் உள்ளது மட்டும் இறங்கும். பழைய சுயவிவரத்தை ஒரு மாதம் கழித்து நீக்கலாம். ஆனால் சுயவிவரம் என்பது வெறும் தடுப்புத்தட்டி, பூட்டிய கதவு அன்று. கடைக்கு வருபவர் யாரும் அதைச் சொடுக்கித் திறக்கலாம். ஆகவே தம்பியிடம் சொல்லி, விண்டோஸிலேயே உங்களுக்கென்று கடவுச்சொல்லோடு தனிப் பயனர் கணக்கு ஒன்றைப் போட்டுக்கொள்வது நல்லது.

பாடசாலைக்கு என் விருப்பம் வேறானது. பாட இணைப்புகளுக்கென்றே தனியாக ஒரு கூகுள் கணக்கை உருவாக்கி, மூன்று கணினிகளிலும் அதையே பயன்படுத்துங்கள். ஒத்திசைவு அமைப்பில் புக்மார்க்குகளை மட்டும் விட்டு, கடவுச்சொற்கள், வரலாறு, திறந்த தாவல்கள் எல்லாவற்றையும் நிறுத்திவிடுங்கள். டொங்கலில் வேலை செய்பவர்களுக்குத் தரவும் மிச்சமாகும். பொறுப்பாசிரியர் ஒரு நாள் உறைநிலையைத் தளர்த்தி, உலாவியின் புக்மார்க்குகளை முற்றாக வெறுமையாக்கி, மறுபடி உறையவைத்தால் போதும். காலையில் வெறுமையான உலாவியில் நுழைவீர்கள், கலப்பதற்கு அங்கே ஒன்றும் இருக்காது. வீட்டுக்குப் புறப்படும் முன், அன்று சேர்த்தவை கைப்பேசியிலும் வந்துவிட்டனவா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

ஊவா நூலகர் | செவ்வாய், இரவு 9.50

ஆயிரத்து நூறு என்ற எண்ணைக் கண்டதும் என் தொழில் புத்தி விழித்துக்கொண்டது. ஒத்திசைவு செத்த இணைப்புகளையும் அதே விசுவாசத்தோடு சுமந்து செல்லும். அரச தளங்கள் புதுப்பிக்கப்படும்போது பிடிஎஃப் கோப்புகளின் நேரடி முகவரிகளே முதலில் மாறுகின்றன. ஆகவே ஒவ்வொரு வினாத்தாளையும் தனித்தனியே குறிப்பதைவிட, அவற்றின் பட்டியல் உள்ள பக்கத்தைக் குறித்துவிட்டு, தேவையான கோப்பைத் தரவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள். துப்புரவு செய்யும் வேளையிலேயே இதையும் செய்தால் தொகுதி பாதியாகக் குறையும்.

கொட்டகலை ஆசிரியை | பதினெட்டு நாட்களின் பின்னர், சனி, காலை 10.15

முடிவைச் சொல்லாமல் போவது முறையாகாது என்பதால் எழுதுகிறேன். துப்புரவுக்கு மூன்று இரவுகள் பிடித்தன. ஆயிரத்து நூற்றுக்கு மேல் இருந்தது நானூற்றுப் பன்னிரண்டாகக் குறைந்தது. நூலகர் சொன்னதுபோல், போனவற்றில் பெரும்பகுதி திறக்காத பிடிஎஃப் முகவரிகளே. மடிக்கணினியில் புதிய கணக்கைத் தனிச் சுயவிவரத்தில் வைத்திருக்கிறேன். கடைக் கணினியில் தம்பி எனக்குத் தனிப் பயனர் கணக்கு போட்டுத் தந்தான்.

பாடசாலைக் கணினிதான் தாமதமாகியது. உறைநிலையைத் தளர்த்தும் கடவுச்சொல், நிறுவியவரிடம் மட்டுமே இருந்தது. அவர் வருவதற்கு ஒன்பது நாட்களாயின. அவர் வெறுமையாக்கி உறையவைத்த நாளிலிருந்து இன்று வரை, நீக்கிய எதுவும் திரும்பி வரவில்லை. சென்ற புதன்கிழமை மட்டும் மூன்றாம் பாடவேளையில் மின்சாரம் போய், அன்று காலை இணைய இணைப்பு இல்லாத நேரத்தில் சேர்த்த இரண்டு இணைப்புகளை இழந்தேன். அவற்றைக் கொப்பியில் எழுதி வைத்திருந்ததால் மாலையில் வீட்டில் சேர்த்துவிட்டேன்.

பழைய ஏடு அண்ணாவுக்கு ஒரு செய்தி: ஒவ்வொரு மாதமும் முதலாம் திகதி ஏற்றுமதி செய்யும் எச்டிஎம்எல் கோப்புக்கென்று பென்டிரைவில் ஒரு கோப்புறை திறந்திருக்கிறேன். ஆய்வுகூடத்தின் மற்றக் கணினிகளிலும் என் பழைய புக்மார்க்குகள் உறைந்து கிடக்கின்றனவா என்று பொறுப்பாசிரியர் கேட்டார். பார்த்தேன், ஏழாம் இலக்கக் கணினியில் இருக்கின்றன. நிறுவியவர் அடுத்த தவணையில் மறுபடி வருவதாகச் சொல்லியிருக்கிறார்.